வாசலில் கட்டிய வேப்பிலை

கலஹா தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்தில், பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றிவிட்டு, இடுப்பு நிமிராமல் உட்கார்ந்தேன். அண்டாவில் வெந்த வேப்பிலை கசப்பாக மணத்தது. அம்மா ஞாபகம் வந்தது.

அப்போது மலையெல்லாம் கோப்பித் தோட்டம். எங்கள் லயத்தில் பிரசவம் பார்ப்பதும் பெற்றவளைத் தேற்றுவதும் அம்மாதான். பழம் சிவந்துவிட்டால் பச்சை உடம்புக்காரியைக்கூட வேலைக்குக் கூப்பிடக் கங்காணி வருவார். வாசலில் வேப்பிலை இருந்தால் மட்டும் தீட்டுக்குப் பயந்து படியேற மாட்டார். அது காய்வதற்குள் அம்மா, மாத்தளை வண்டிக்காரரிடம் வாங்கிய புதுத் தழையை மாற்றிக் கட்டிவிடுவாள்.

"இன்னுமா தீட்டு?" என்பார் கங்காணி.

"இன்னும் கழியலீங்க."

உள்ளே ஒருத்தி நிம்மதியாகத் தூங்குவாள்.

தம்பி பிறந்தபோது எங்கள் வாசலில் நான்தான் கட்டினேன். அது வாடுவதற்குள் பக்கத்து லயத்தில் ஒருத்திக்கு வலி கண்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வேப்பிலை இன்னும் பச்சையா இருக்கேம்மா," என்றேன்.

"அது கங்காணிய நிறுத்தத்தான்டி. வலி நிக்குமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது தேயிலை. வருஷம் முழுக்கக் கொழுந்து பறிப்பு; கங்காணியும் வருஷம் முழுக்கக் கூப்பிட வருவார். இந்த வாசலில் கட்டிய வேப்பிலையும் காய்ந்துவிட்டது. மாற்றிக் கட்ட வேண்டும். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.