சட்டப்படி மட்டும்

ஜோடி உள்ளே வந்து உட்காருவதற்குள் அவர் கை, மேஜை மீதிருக்கும் மரச் சிலுவையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடிவிடும். விரல் நீளம்தான் இருக்கும் அந்தச் சிலுவை. காலையில் மேஜையைத் துடைத்ததும் ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார். கல்யாணம் என்று யாராவது வந்தால் அது உள்ளே போகும். அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனதும் அதுவும் வெளியே வரும். கூட்டம் அதிகமான நாட்களில் பகல் முழுக்க இருட்டில் கிடக்கும்.

திருமணப் பதிவாளர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில், மாதா கோயிலில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தயாரிப்பு வகுப்பு எடுப்பவரும் அவரே. "கல்யாணங்கறது திருவருட்சாதனம். கடவுள் போடற முடிச்சு. கவர்மெண்டு அதைப் போடவும் முடியாது, அவுக்கவும் முடியாது. வேணும்னா குறிச்சு வெச்சுக்கலாம்" என்று வகுப்பில் சொல்வார். மறுநாள் காலை அரசாங்கத்தின் சார்பில் முடிச்சுப் போட உட்கார்ந்துவிடுவார். கோயிலில் அவருக்குப் பெயர் ரிஜிஸ்ட்ரார், அலுவலகத்தில் சாமியார். இரண்டும் கேலிதான். இரண்டையும் அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சட்டம் எழுதிக் கொடுத்த வாசகத்தை அவர் படிக்கிற விதமே தனி. "இவ்விருவருக்கும் சட்டப்படி திருமணம் நடந்தது" என்பதில் 'சட்டப்படி'யை மட்டும் நிறுத்தி, காய்கறிக் கடைக்காரர் தராசில் எடைக்கல்லை வைப்பது போல அழுத்தி வைப்பார். மற்றதை விழுங்கிவிடுவார். வாழ்த்துச் சொல்ல மாட்டார். "நல்லபடியா இருங்க" என்பார். அதற்குக் கோயிலும் தடை சொல்லாது, சட்டமும் தடை சொல்லாது என்பது அவர் கணக்கு.

போன வருடம் சட்டம் மாறியது. 'ஓர் ஆணும் ஒரு பெண்ணும்' என்றிருந்த இடத்தில் 'இரு நபர்கள்' வந்து உட்கார்ந்தது. கோயில் வாசலில் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினார்கள், அவரும் போட்டார். அடுத்த வாரமே ஒரு பேக்கரிக்காரரும் ஒரு தையல்காரரும் கைகோத்தபடி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் ஆண்கள். அவர் சிலுவையை உள்ளே வைத்தார். இழுப்பறையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினார், அவ்வளவுதான் வித்தியாசம். 'சட்டப்படி'யில் பழைய அழுத்தமே.

விஷயம் பங்குத்தந்தை காதுக்குப் போய், அவர் இவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஃபாதர், நம்ம கோயில் ஒத்துக்காதது எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். போன மாசம் டைவர்ஸ் ஆன டாக்டருக்கு ரெண்டாவது பண்ணி வெச்சேன். அப்ப நீங்க ஒண்ணும் கேக்கலயே."

பங்குத்தந்தை ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்குவது அந்த டாக்டரிடம்தான். பேச்சு வானிலைக்கு மாறியது.

பதிவாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த மாதமே டைவர்ஸ் விவகாரம் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. மகள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன பள்ளிக்கூட வாத்தியாருக்கு முதல் மனைவி உயிரோடிருந்தாள். சட்டம் பிரித்துவிட்டது, கோயில் பிரிக்கவில்லை. முதல் கல்யாணமே செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் சொன்னால்தான் கோயிலில் ஓலை வாசித்து இந்தக் கல்யாணத்தை அறிவிப்பார்கள். மனுப் போட்டு வருடக்கணக்காகிறது. மகள் காத்திருந்து அலுத்து, அப்பாவின் அலுவலகத்திலேயே பதிவு செய்துகொள்ள நாள் குறித்துவிட்டாள்.

அவர் கத்தவில்லை. சொந்த மகளுக்குப் பதிவு செய்யக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. சட்டம் இவ்வளவு பெருந்தன்மையாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு லீவு போட்டுவிடலாம், ஜூனியர் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பண்ணி வைப்பீங்க, பெத்த பொண்ணுக்கு மட்டும் லீவா?" என்றாள் மனைவி.

"அது கல்யாணமே இல்லடி."

"அப்ப இத்தனை வருஷமா எதுக்குச் சம்பளம் வாங்கினீங்க?"

மகள் சண்டைக்கு வரவில்லை. "நீங்க கல்யாணம்னு நெனைக்க வேணாம்ப்பா. பதிவுன்னே நெனைச்சுக்குங்க. ஆனா நீங்கதான் படிக்கணும். வேற யாராவது படிச்சா எனக்கு அழுகை வந்துடும்" என்றாள். மகள் கையைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயமும், கடவுளுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் ஒரே நேரத்தில் அவரைப் பிடித்துக்கொண்டன.

லீவு போடவில்லை. மகளும் வாத்தியாரும் வந்து உட்கார்ந்தார்கள். சாட்சிகளில் ஒருத்தி அவர் மனைவி. கை தானாகப் போய்ச் சிலுவையை எடுத்து உள்ளே வைத்து மூடியது. விதிப்படி, "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். அந்த அறையில் ஆட்சேபணை உள்ள ஒரே ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். பியூன்கூடத் தரையைப் பார்த்தார். மனைவி மெல்ல இருமினாள். அவர் தாளை எடுத்துப் படித்தார். 'சட்டப்படி' வந்தது. அதே அழுத்தம், குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கையெழுத்துப் போட அவள் குனிந்தாள். அவர் பேனா தேடுகிறவர் போல இழுப்பறையை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து, அப்படியே விட்டுவிட்டார். பேனா அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.