மின்னுகிற சட்டி

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் கார் ஒரு முறை இருமியது. பிறகு இன்னொரு முறை. அதோடு நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் தண்ணீர். பின் ஆசனத்தில் என் மகள், தலைப்பிள்ளைத்தாய்ச்சி. விடியற்காலையிலேயே பிரசவ நோ தொடங்கிவிட்டது. குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை கிடந்தது.

அந்தப் பிள்ளை சுகமாகப் பிறந்து இன்று முற்றத்தில் ஓடித் திரிகிறது. அதைச் சொல்லியே எல்லோரும் என் வாயை அடைக்கிறார்கள். "நல்லதா முடிஞ்சதுதானே, மறுகா என்னத்துக்குக் கோபம்?" என்கிறார்கள். மாரி மழைக்கு வானம் இருட்டினால் நான் இன்றைக்கும் ஓடிப்போய்த் தெருவைப் பார்க்கிறேன். முடிந்தது என்கிறவர்கள் அந்தக் காருக்குள் இருக்கவில்லை.

கார் என் கணவருடையது. அவர் காலமான பிறகு, மகளின் கலியாணத்தின்போது வீட்டோடும் வளவோடும் சேர்த்து அதையும் சீதனமாகக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்தால் தாய் ஒதுங்கிக்கொள்வாள். நானும் பின்னறைக்குப் போனேன். கொடுத்த பொருளைப் பற்றிப் பிறகு வாய் திறக்கக் கூடாது. யார் எழுதிய சட்டமோ தெரியாது, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை முழுக்க அதை மீறியவர் இல்லை.

எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிக்கிற எயார் கிளீனர் உப்புக் காற்றில் அடி இற்று, அதற்குள் இருக்கவேண்டிய எண்ணெயையெல்லாம் எஞ்சினின் மேல் ஒழுகவிட்டது. வெளிநாட்டுச் சாமான் எதையும் நாட்டுக்குள் விடாத காலம். அதே மாதிரி ஒன்று தேடி நகரத்துக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள். ஊசி முதல் உதிரிச் சாமான் வரை தடுத்து வைத்தவர்களுக்கு மாரியில் எங்கள் தெரு எப்படிக் கிடக்கும் என்று என்ன தெரியும்?

கடைசியில் சாப்பாட்டு மேசையில் இரண்டு சாமான்கள் வந்து சேர்ந்தன. ஒன்று நான் ஓட்டமாவடியில் வாங்கியது. உழவு மெசினுக்குப் பூட்டுகிற நெடிய குழாய், உச்சியில் காளான் மாதிரி ஒரு தொப்பி. அதைப் பூட்ட எஞ்சின் மூடியில், பொனற்றில், துளை போடவேண்டும். குழாய் கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். வடிவில்லைத்தான். ஆனால் எஞ்சின் மூச்சை மேலேயிருந்து எடுக்கும். மற்றது மருமகன் கொழும்புச் சிநேகிதன் ஒருவனிடம் சொல்லி எடுப்பித்தது. குழிந்து மின்னுகிற இரண்டு தட்டு, நடுவில் சுற்றிவரக் கம்பி வலை. பந்தயக் கார்களுக்குப் பூட்டுவதாம். முன்பக்கம் எஞ்சினைக் குளிராக்குகிற காற்றாடிக்கு நேர் பின்னால், சுற்றிவர வாயைத் திறந்துகொண்டு உட்காரும்.

"இந்தச் சட்டியையா பூட்டப்போறீங்க?" என்றேன்.

"சட்டி இல்ல மாமி. இதப் பூட்டினா எஞ்சின் நல்லா மூச்சு விடும். சத்தத்தக் கேட்டுப் பாருங்க, சிங்கம் மாதிரி."

"சிங்கம் தண்ணிக்குள்ள இறங்குமா மருமகன்? மாரிக்க தெருவுல தண்ணி நிக்கும். காத்தாடி அள்ளி இதுக்குள்ள ஊத்தும்."

"உங்கட குழாயப் பூட்டினா நான் கந்தோருக்கு வேலைக்குப் போகத் தேவல்ல மாமி. நேரா வட்டைக்குள்ள இறங்கி உழவேண்டியதுதான். கந்தோர்ப் பெரியவர் சம்பளத்துக்குப் பதிலா நெல்லுத் தருவார்."

அவருக்குப் பகிடி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவரென்றால் ஏசிவிட்டுப் போகலாம். என் வீட்டு மேசையில், என் கணவர் ஓட்டிய காருக்கு, நான் சொல்வது பகிடியாகிப் போயிற்று. கடைசியில், "கார் அவளுக்குக் கொடுத்தது. அவளே சொல்லட்டும்" என்றேன். என் பிள்ளை என்பக்கம்தான் நிற்பாள் என்று நினைத்தேன்.

மகள் குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மற்றதைக் கையில் எடுத்துத் திருப்பினாள். மேல் தட்டில் தன் முகத்தைப் பார்த்தாள். பட்டிருந்த விரல் அடையாளத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இது வடிவாக் கிடக்கும்மா," என்றாள்.

வடிவு! பிள்ளை வயிற்றில், மாரி வாசலில், இவளுக்கு வடிவு. புருசனின் முகம் கோணக்கூடாது என்பதற்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் ஆறவில்லை. குழாய் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்க் கிடந்தது.

அந்தக் காலையில் நான் சொன்னது சொன்னபடி நடந்தது. நகரத்து ஆசுபத்திரிக்குப் போகிற தெரு, வாவி ஓரமாக வளைகிற இடத்தில் தாழ்ந்து போகும். தண்ணீர் சில்லில் பாதிக்கு நின்றது. காற்றாடி அதை அள்ளி எறிந்தது, திறந்த வாய் குடித்தது, எஞ்சின் நின்றது. மருமகன் இறங்கிப் பொனற்றைத் தூக்கினார். மேல் தட்டைக் கழற்றியபோது உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது.

"காஞ்சா ஸ்டார்ட் ஆகும் மாமி."

"எந்த வெயில்ல காயப்போடப் போறீங்க? பந்தயத்துக்கெண்டு வாங்கின சாமான்தானே, ஓட்டுங்க பாப்பம்! உங்கட சிங்கம் எங்க போயிற்று?"

அவர் தட்டைக் கவிழ்த்து உதறினார். காருக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மகள் காலை ஆசனத்தில் தூக்கி வைத்துக்கொண்டு முன் ஆசனத்தின் முதுகை இறுக்கிப் பிடித்தாள். பஸ் வராது. ஒரு உழவு மெசினின் சத்தம்கூட இல்லை. நான் கதவடியில் முழங்கால் தண்ணீரில் நின்று, அவரையும் கொழும்புச் சிநேகிதனையும் நாட்டை ஆள்கிறவர்களையும் ஒன்றுவிடாமல் ஏசினேன். வாய் நின்றால் அழுதுவிடுவேன் என்று பயம். இங்கேயே பிறந்தால் எதால் தொப்புள்கொடி அறுப்பது, எதில் சுற்றுவது என்று மனம் ஒருபக்கம் தேடிக்கொண்டிருந்தது.

"அம்மா, கொஞ்சம் ஏசாம இருங்க," என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "பூட்டச் சொன்னது நான். என்னயே ஏசுங்க, ஆனா இந்த நோ விட்ட பிறகு ஏசுங்க."

அப்போதுதான் அந்தத் தோணியைக் கண்டேன். வாவியிலிருந்து வெள்ளம் மூடிய வட்டைக்கு மேலால், வரம்பு தெரு எதையும் கணக்கெடுக்காமல், ஒரு மனிதர் கம்பு ஊன்றி வந்துகொண்டிருந்தார். வலை எடுக்கப் போனவர். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவர்கள். நான் கத்திய கத்தில் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். தோணியைக் காரின் கதவோடு அணைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. வலையை அள்ளிக் காரின் கூரைமேல் போட்டு இடம் செய்தார்.

"ஆசுபத்திரித் துறைக்கு நேரா விட்டிருவன். புள்ளயோட இன்னும் ஒராள்தான் ஏறலாம்," என்றார்.

மருமகன் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன்.

"அம்மா வரட்டும்," என்றாள்.

இரண்டு பேருமாக அவளைத் தூக்கித் தோணியில் இருத்தினோம். நானும் ஏறினேன். மருமகன் கழற்றிய மேல் தட்டைக் கையில் பிடித்தபடி, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலத் தண்ணீரில் நின்றார். தோணிக்காரர் கம்பை ஊன்றப் போனவர், நிறுத்திவிட்டு அவர் பக்கம் கையை நீட்டினார்.

"தம்பி, அந்தச் சட்டிய இஞ்ச தாங்க. தோணி கொஞ்சம் ஒழுகும். ரீச்சர் தண்ணி அள்ளிக்கொண்டு வரட்டும்."