என்னைப் படிப்பித்த நீலச் சாறன்

இந்த நாட்டில் டொக்டர் படிப்பு இலவசம் என்று சொல்பவர்களைப் பிடித்து ஒரு மாதம் விடுதியில் போட வேண்டும். படிப்பு இலவசம்தான். சோறு இலவசமில்லை, புத்தகம் இலவசமில்லை, பார்த்துப் படிக்கிற மனித எலும்புகூட இலவசமில்லை. வாப்பா மௌத்தாகி, தகப்பனில்லாத வீட்டுக்கு நான்தான் மூத்த பிள்ளை. கீழே என்னைக் காக்கா என்று கூப்பிடுகிற இரண்டு தங்கச்சிமார். என் படிப்பும் அவர்களின் சோறும் மருதமுனையில் எங்கள் வீட்டுத் தறியை நம்பித்தான் இருந்தன.

உம்மாவும் தங்கச்சிமாரும் ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற சாறன் நெய்வார்கள். விடுமுறை முடிந்ததும் நான் அதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கல்முனையில் பஸ் ஏறுவேன். விடுதியில் அறை அறையாக விற்று, சாப்பாட்டுக்கு எடுத்ததுபோக மீதியை வீட்டுக்கு மணியோடர் அனுப்புவேன். புதிதாக வந்தவர்களைப் பகிடிவதை செய்ய வந்த சீனியர்களே துணியைத் தடவிப் பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். கொஞ்ச நாளில் விடுதியில் பாதிப்பேர் ஒரே கட்டச் சாறனில் வரிசையாக நின்று பல் விளக்கினார்கள். பார்த்தால் சிறையில் இருக்கிற மறியல்காரர் போலவே இருக்கும்.

வார்டுக்குப் போகும் காலம் வந்தது. ஸ்டெதஸ்கோப் வாங்க வேண்டும், அவசரமாகச் சாறன் அனுப்புங்கள் என்று வீட்டுக்கு எழுதினேன். மூட்டை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. எல்லாம் கடும் நீலம். அன்றைக்கே விற்றுத் தீர்ந்தது.

மறுநாள் சரியான வெக்கை. பகல் தூங்கி எழுந்த ஒருவன் தன் காலைப் பார்த்தான். முழங்கால்வரை நீலம். இருதயம் பழுதானால் உடம்பு நீலம் பாரிக்கும் என்று முதல் நாள்தான் பாடம் கேட்டிருந்தான். அப்படியே சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் சாய்ந்துவிட்டான். நாடி பிடிக்க ஓடிவந்தவன் சந்தேகத்தில் தன் சாறனையும் தூக்கிப் பார்த்தான். அவனும் பக்கத்தில் படுத்தான். இது தொற்றுகிற இருதய நோய் என்று ஒரு சீனியர் முடிவுகட்ட, விடுதிக்குப் பொறுப்பான பேராசிரியரைக் கூட்டிவர ஆள் போனது.

உண்மையைச் சொன்னால் காசைத் திருப்பிக் கேட்பார்கள். ஸ்டெதஸ்கோப்பும் போகும், வீட்டில் உலையும் ஏறாது. சொல்லாவிட்டால் இவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றப்போகிறார்கள். வேறு வழியில்லாமல் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து முதலாமவனின் காலைத் துடைத்தேன். நீலமெல்லாம் பஞ்சுக்கு வந்தது.

பேராசிரியர் பஞ்சைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். எங்கள் வீட்டில் நூலுக்குச் சாயம் போடுகிறோம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தவர், தனக்கும் ஒரு சாறன் வேண்டும், ஆனால் வெள்ளை என்றார். யாருமே காசு திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் வாங்கில் படுத்த கதையும் வெளியில் வருமே.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் சின்னத் தங்கச்சி மேல் பாய்ந்தேன். நூலை ஒழுங்காக அலசியிருந்தால் எனக்கு இந்த மானக்கேடு வந்திருக்குமா என்று கத்தினேன்.

"நீங்கதானே அவசரம் எண்டு எழுதின, காக்கா. அலசிக் காயவைக்க நேரம் எங்க கிடந்த?" என்றாள்.

அவள் கைகள் மணிக்கட்டுவரை நீலமாக இருந்தன. எனக்குக் கோபம் போய்விட்டது. பையிலிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அவள் உள்ளங்கையைத் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"அது போகாது, காக்கா," என்றாள். "நீங்க டொக்டரா வந்த பொறகு பாப்பம்."