சிவப்பு அம்புக்குறி

ஓவிய ஆசிரியர் பயிற்சியில் எனக்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு வகுப்பு. மங்கலத்தில் ஓர் அரசுப் பள்ளி, நான்காம் வகுப்பு. தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். தேறவில்லை என்று அவர் எழுதிவிட்டால் மறுபடி ராயபுரத்துப் பனியன் கம்பெனிதான். அங்கே தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் மேஜை முன்னால் ஆறு வருடம் நின்றவள் நான். திரும்பிப் போக எனக்குத் துளியும் மனமில்லை.

'அம்மா வேலை செய்வது' என்று தலைப்புக் கொடுத்தேன். பிள்ளைகள் குனிந்து வரைய ஆரம்பித்தார்கள். பிள்ளைகளின் படத்தில் ஆசிரியரின் பேனா படவே கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான்தான் மகா கெட்டிக்காரி ஆயிற்றே, அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். கம்பெனியில் தையல் பிசகிய இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஓர் அட்டை நிறையக் கைப்பையில் கிடந்தது.

முதல் பெஞ்சுச் சிறுமி வரைந்த அம்மாவுக்கு ஒரு கை மட்டும் தாளின் ஓரம் வரை நீண்டு, அங்கிருந்த துணிக்குவியலைத் தொட்டது. அந்தக் கையில் ஓர் அம்பு ஒட்டினேன். அடுத்த பெஞ்சுக்கு நகர்வதற்குள் அவள் எழுந்து போய்ப் படத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"ஏங்கண்ணு போட்டுட்ட?"

"ஏரோ ஒட்டுனா அந்த பீஸு ஆகாதுங்க மிஸ். எங்கம்மா செக்கிங்தானுங்க."

மற்ற பிள்ளைகள் தங்கள் படங்களைக் கையால் மூடிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. கூடையிலிருந்து படத்தை எடுத்து அம்பை உரித்தேன். கையின் வண்ணமும் அதோடு உரிந்து வந்தது.

"மிஸ் ஒட்டுனதுதான் தப்பு கண்ணு. உன்ற படம் நல்லாத்தான் இருக்குது."

அவள் நம்பவில்லை. கம்பெனியில் சமாதானம் சொல்லும் சூப்பர்வைசரை நாங்கள் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். "வேற பேப்பர் குடுங்க மிஸ்" என்றாள்.

கொடுத்தேன். அவள் ஸ்கேலை எடுத்தாள். அப்போதே அதை நான் வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் தேர்வாளர் எழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை அம்மா விறைப்பாக நின்றாள். இரண்டு கையும் ஒரே அளவு. துணிக்குவியல் இல்லை.

தேர்வாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லாத் திருத்தியிருக்கறீங்க. கை அளவு எவ்வளவு கரெக்டா வந்திருக்குது பாருங்க" என்றார்.

இல்லை, முதல் படம்தான் சரி என்று சொல்ல வேண்டியவள் நான். சிறுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றிங்க சார்" என்றேன். அந்த வருடம் நான் தேறினேன்.