ஐம்பது சென்டிமீட்டர் சணல்

என் மேசை இழுப்பறையில், ஓய்வூதியப் புத்தகத்தின் மேல், சுருட்டிய ஒரு சீட்டைக் கட்டியபடி ஒரு சணல் துண்டு கிடக்கிறது. இரு முனையிலும் முடிச்சு. மிளகு மூட்டை கட்டிய சணல் என்பதால், முகர்ந்தால் இன்னும் லேசாக நெடி வரும். வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் குப்பை என்று எடுத்துப் போடப் பார்ப்பார்கள். கண் மருத்துவ உதவியாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்து நான் வாங்கிய சான்றிதழ்கள் பரணில் இருக்கின்றன. அவற்றைத் தாராளமாக எடுத்துப் போடலாம். இந்தச் சணலைத் தொடக்கூடாது.

ஏற்காட்டில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய கண் மருத்துவமனைதான் எனக்குக் கடைசிப் பணியிடம். வாரம் மூன்று நாள் சேலத்திலிருந்து ஒரு டாக்டரம்மா பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தாண்டியவர், ஐந்தடிக்குக் குறைவான உயரம். பல ஆண்டுகள் பொது மருத்துவராக இருந்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு கண் மருத்துவம் படிக்க வந்தவர். எழுத்துத் தேர்வில் எடுத்த எடுப்பிலேயே தேறிவிட்டார். செய்முறைத் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறையும் போனால் மறுபடி முதலிலிருந்து பெயர் பதிய வேண்டும். “அதுக்கு மேல என்னால ஆகாதுங்க சார். ஊட்டுலயே இருமல் மருந்து எழுதிக்கிட்டு ஒக்காந்துக்கறேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று அவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே சேலத்துக்குத் திரும்பியது.

நோய்களைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் பாடப்புத்தகமாக்கி வைத்திருந்தார். ஒன்றாம் வளைவில் இமையில் தொடங்குவார். ஏற ஏறக் கருவிழி, லென்ஸ், விழித்திரை என்று கண்ணுக்குள் போய்க்கொண்டே இருப்பார். இருபதாவதில் பார்வை நரம்பு. தலைசுற்றலுக்கு வாயில் எப்போதும் இஞ்சி மரப்பா. “ஏனுங்க டாக்டரம்மா, பதினொண்ணு வந்துருச்சுங்க, இன்னிக்கு என்ன சீக்குங்க?” என்று கண்டக்டர் கேட்பாராம். “கண்ணுல பிரஷருங்க” என்றால், “மெதுவாச் சொல்லுங்க, டிரைவருக்கு ஏற்கெனவே ஒடம்பு பூரா அதுதானுங்க” என்பாராம்.

அவரைத் தடுத்தது ஒளியியல். ரெட்டினாஸ்கோப் என்ற கருவியால் நோயாளியின் கண்ணுக்குள் வெளிச்சத்தை அசைத்துப் பார்ப்போம். உள்ளே ஒரு சிவந்த ஒளி நகரும். மறு கையால் லென்ஸை மாற்றி மாற்றிக் கண்முன் பிடித்தால், ஏதோ ஒரு லென்ஸில் அந்த நகர்வு நின்றுவிடும். அந்த லென்ஸின் பவரிலிருந்து, நாம் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்காக ஓர் அளவைக் கழிக்க வேண்டும். வழக்கமாக ஒன்றரை. டாக்டரம்மாவும் ஒன்றரைதான் கழித்தார். ஆனாலும் அவர் கணக்கும் என் கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. எப்போதும் அரை பவர் வித்தியாசம். நான் விதிமுறைப்படி மறுபரிசோதனை செய்து, அவருடைய சீட்டில் சிவப்பு மையில் ‘மீண்டும் பார்க்கவும்’ என்று எழுதுவேன். மூன்று மாதம் எழுதினேன். ஏன் எப்போதும் அதே அரை பவர் என்று கேட்கத் தோன்றவில்லை. விதிமுறையில் அப்படியொரு கேள்வி இல்லை.

விதிமுறையில் இருந்தது வேறொன்று. பரிசோதனை அறையில் ‘பரிசோதனையின்போது பேசக்கூடாது’ என்று என் கைப்பட எழுதி மாட்டிய பலகை. நோயாளிகள் பயந்து வாயை மூடிக்கொண்டு உட்காருவார்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மிளகு விற்க வந்த மாரமங்கலத்து அம்மா ஒருவர் மூட்டையோடு உள்ளே நுழைந்தார். கண்ணாடி இல்லாததால் பலகை அவருக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா பார்த்தார், பிறகு நான் பார்த்தேன். அதே அரை பவர். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

“ஏனுங்க, ஒரே கண்ணத்தானே ரெண்டு பேரும் பாக்கறீங்க?” என்றார் அந்த அம்மா. “இந்தய்யா எட்ட இருந்து பாக்கறாரு. நீங்க நொம்பக் கிட்டத்துல வந்துக்கறீங்களே. நீங்க திங்கற இஞ்சி மரப்பா வாசம் என்ர மூக்குல ஏறுதுங்க.”

நான் பலகையைச் சுட்டிக் காட்டினேன். டாக்டரம்மா என் கையைக் கீழே இறக்கிவிட்டார். “சார், கொஞ்சம் சும்மா இருங்க. அம்மா, அந்தச் சணலக் குடுங்க.”

மூட்டையின் சணலை அவிழ்த்து, நோயாளியின் கண்ணிலிருந்து தன் கருவிவரை பிடித்து இரண்டு முடிச்சுப் போட்டார். அளவுகோலில் வைத்தார். ஐம்பது சென்டிமீட்டர். ஒன்றரை கழிப்பது ஏறத்தாழ அறுபத்தாறு சென்டிமீட்டருக்கு. ஐம்பதுக்கு இரண்டு கழிக்க வேண்டும். குட்டைக் கையால் லென்ஸைப் பிடிக்க அவர் கிட்ட வந்துதான் ஆக வேண்டும். வந்துகொண்டேதான் இருந்தார். தூரத்துக்கு ஏற்பக் கழிக்கவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் மனப்பாடம். அளந்து பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா மூன்று மாதச் சீட்டுகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் மேலும் அரை கழித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் என் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. சிவப்பு மை அத்தனையும் வீண். கடைசிச் சீட்டை முடித்துவிட்டு, “சார், கைய நீட்டுங்க” என்றார். நான் வழக்கமாக உட்காரும் தூரத்தை அளந்தார். அறுபத்தாறு. “வழக்கம் உங்க கைக்குச் சரியா அமைஞ்சு போச்சுங்க சார். அதனாலதான் நீங்க கேள்வியே கேக்கல.”

முப்பத்திரண்டு ஆண்டுகளில் என்னை யாரும் இவ்வளவு துல்லியமாகப் பரிசோதித்ததில்லை.

தேர்வில் என்ன நடந்தது என்பதை அவரே வந்து நடித்துக் காட்டினார். தேர்வாளர் சீட்டைப் பார்த்துவிட்டு, “எல்லாரும் ஒன்றரை கழிக்கிறாங்க, நீங்க ஏன் ரெண்டு?” என்று கேட்டிருக்கிறார். “எல்லாருக்கும் கை நீளமுங்க சார்” என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து சணலை எடுத்து அளந்து காட்டியிருக்கிறார். தேர்வாளர் அந்த நோயாளியைத் தானே மறுபடி பார்த்தாராம். விடை கால் பவர்கூட மாறவில்லையாம்.

முடிவு வந்த அன்று தொலைபேசியில் அவர் சொன்னது ஒரே வரி. “சார், இருபதாம் வளைவு தாண்டியாச்சுங்க!” நான் கத்திய கத்தலில், வெளியே வரிசையில் இருந்தவர்கள் யாருக்கோ ஆபரேஷன் கெட்டுப்போயிற்று என்று எழுந்துவிட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் இருபது வளைவிலும் விசில் ஊதிக்கொண்டே வந்தாராம். சணலை அவர் என்னிடம் தந்துவிட்டார். “எனக்குக் கை பழகிருச்சுங்க. நீங்க வெச்சுக்கங்க, உங்களுக்குத்தான் தேவைப்படும்.”

போன மாதம் என் இடது கண் மங்கியது. இப்போது அந்த மருத்துவமனைக்கே அவர்தான் தலைமை மருத்துவர். இருட்டறையில் உட்கார்ந்தேன். வெளிச்சம் கண்ணுக்குள் வந்தது, கூடவே இஞ்சி மரப்பா வாசமும். சும்மா இருக்க முடியவில்லை. “ரெண்டு கழிக்கணும், டாக்டர்” என்றேன்.

“தெரியுமுங்க சார். பேசக்கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டுனது நீங்கதானே?”

விளக்குப் போட்டதும் சுவரைப் பார்த்தேன். பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து, அவர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சுருட்டி அந்தச் சணலால் கட்டி இழுப்பறையில் வைத்தேன். புதுக் கண்ணாடியில் கடைசி வரிவரை தெரிகிறது. மறுபரிசோதனைக்கு அவசியம் இல்லை.