ஆளில்லாத நாளில் எடுத்த அளவு

இருபது வருடம் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில், யார் எங்கே நிற்கிறார்கள் என்று கணினியில் காட்டும் கருவிகளைப் பொருத்துவது என் வேலை. கூரையில் சிக்னல் அனுப்பும் சின்னப் பெட்டிகள், ஆளுக்கு ஓர் அட்டை, திரையில் ஆளுக்கு ஒரு புள்ளி.

அந்தப் பக்கம் ஆலைகளுக்கு வியாழக்கிழமை, அவர்கள் பேச்சில் 'குருவார்', விடுமுறை. தொந்தரவு இருக்காது என்று வியாழன்தோறும் தனியாகப் போய், இடம் இடமாக நின்று சிக்னலை அளந்தேன். அந்த அளவுகளை வைத்துத்தான் கணினி ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் கணிக்கும். அறையிலும் பேச ஆளில்லாத எனக்கு அந்த அமைதி பழகியிருந்தது.

இயக்கிக் காட்டிய அன்று, பேக்கிங்கில் நின்ற செல்வியின் புள்ளி மதிலுக்கு வெளியே நின்றது. அன்றைக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார் மேனேஜர்.

செல்வி புனேவில், கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். பக்கத்தில் வந்தாள்.

"அரே சார், நீங்க குருவார் அன்னிக்குத்தானே அளந்தீங்க? அன்னிக்கு நாங்க யாருமே இல்லியே?"

அப்போதுதான் உறைத்தது. மனித உடம்பும் சிக்னலைத் தடுக்கும். நான் அளந்தது வெறும் கட்டடத்தை.

அவளே பத்துப் பேரைக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். அவர்களுக்கு நடுவே நடந்து மறுபடி அளந்தேன். ஒருவர் என் ஊரைக் கேட்டார். இன்னொருவர் சாப்பிட்டாயா என்றார். புள்ளிகள் அவரவர் இடத்துக்கு வந்தன.

"முடிஞ்சிதா சார்?" என்றாள் செல்வி.

முடிந்துதான் இருந்தது.

"இன்னொரு தடவை அளக்கணுங்க" என்றேன்.

பத்துப் பேரும் மறுபடி என்னைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பொய்யை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.