பரஸ்தானம் வைத்த பெட்டி

செத்த மாட்டை அறுத்துப் பார்த்து, இன்ன காரணத்தால் செத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். திருஷ்டி பட்டுப் பால் வற்றிவிட்டது என்று வருகிறவர்களிடம், வயிறு நிறையப் புல்லைப் போடு, தானாக வரும் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்பேர்ப்பட்ட நான் இதைச் சொல்கிறேனே என்று நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் கடைசி. திருத்தணி மாட்டாஸ்பத்திரியில் டாக்டராக இருந்தேன். கோமாரி நோய் பற்றி நான் எழுதிய கட்டுரையை, நைரோபியில் நடக்கும் கால்நடை மருத்துவர் மாநாட்டில் வந்து படிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. மாநாடு முடிந்ததும் மூன்று நாள் காட்டுக்குக் கூட்டிப்போய் சிங்கம், யானை எல்லாம் காட்டுவார்களாம். சென்னைக்கு அப்பால் உலகம் பார்க்காத எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்காரர்களும் விடவில்லை. ஆர்.கே.பேட்டையிலிருந்து மாடு ஓட்டி வந்த ஒருவர், "சிங்கத்துக்கு ஊசி போடப் போறீங்களாமே, பின்னாடி மட்டும் நிக்காதீங்க சார், ஒதைச்சிடப் போவுது" என்று யோசனை சொன்னார்.

விமானம் பிடிக்க ரயில் ஏற வேண்டிய நாள் செவ்வாய். ஆகாது என்றாள் என் மனைவி சரோஜா. முருகன் ஊரில் இருந்துகொண்டு செவ்வாய் ஆகாதா என்று கேட்டேன்.

"மலை ஏர்றதுக்கு செவ்வா நல்லதுங்க. கடல் தாண்டிப் போறதுக்கு நல்லதுன்னு எவன் சொன்னான்?"

அவள் பிறந்த வீட்டில் பரஸ்தானம் வைக்கும் வழக்கம் உண்டு. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். வைத்த பெட்டி மட்டும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. சண்டை போட நேரமில்லாமல் புதன்கிழமை காலை பெட்டியைக் கட்டி, அரக்கோணம் ரோட்டில் லாரி பட்டறை வைத்திருந்த சிநேகிதர் பஷீர் பாயின் சாமான் அறையில் வைத்தேன். அவரே பூட்டினார்.

மத்தியானம் சாப்பிட வந்தால், பெட்டி எங்கள் கூடத்து நடுவில் நிற்கிறது.

சமையலறையிலிருந்து வந்த சரோஜா, நான்தான் கொண்டுவந்தேன் என்று பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க இது? வெளிய போன பொட்டிய யாராவது திரும்ப எடுத்துகினு வருவாங்களா?" இல்லை என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. சைக்கிளில் வைத்துக் கட்டித் திரும்பப் பட்டறைக்குப் போனேன். பஷீர் பாய் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாவி என் இடுப்புலயே கீது டாக்டரே. பூட்டு போட்டது போட்டபடி கீது. நானும் இங்கயேதான் வேலை செஞ்சிகினு இருந்தேன்."

மறுபடி வைத்தோம், இரண்டு பூட்டுப் போட்டோம். நம்பினால் நம்புங்கள், வியாழக்கிழமை மத்தியானமும் பெட்டி அதே கூடத்தில், அதே இடத்தில் நின்றது.

இந்தத் தடவை சரோஜா திட்டவில்லை. போக வேண்டாம் என்று அழுதாள். எனக்கும் பயம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில், அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது என்று திறந்தேன். சட்டை, கோட்டு, கட்டுரை எல்லாம் வைத்தது வைத்தபடி. அடியில் வைத்திருந்த ஊசிப் புத்தகம் மட்டும் மேலே கிடந்தது. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டதற்குச் சாட்சியாகச் சென்னையில் கொடுத்த மஞ்சள் அட்டைப் புத்தகம். அது இல்லாமல் நைரோபியில் இறங்க முடியாது. அதைப் பிரித்தால் என் பெயர் இல்லை. யாரோ சுந்தரமூர்த்தி.

ஊசி போட்ட இடத்துக் கூட்டத்தில் நீட்டியதை வாங்கிப் பையில் போட்டவன், அன்றிலிருந்து பிரித்தே பார்க்கவில்லை. மாட்டுச் சீட்டில் ஓர் எழுத்து தப்பினால் ஆஸ்பத்திரியே அதிரக் கத்துகிறவன் நான்! புதிதாக ஊசி போட்டுக்கொண்டாலும் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். நைரோபியில் இறங்க எனக்கு இருந்ததோ ஒரு வாரம்.

வெள்ளிக்கிழமை சென்னைக்கு முதல் ரயிலைப் பிடித்தேன். ஊசி போடும் இடத்து வாசல் பெஞ்சில் ஒல்லியாக ஒருவர், கையில் மஞ்சள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த புத்தகத்தைக் கண்டதும் எழுந்து, என் பெயரைச் சொல்லி, நீங்களா என்று கேட்டார். அவர்தான் சுந்தரமூர்த்தி. கும்பகோணத்துக்காரர், தம்பி மகள் கல்யாணத்துக்கு, நான் போகும் அதே நாட்டில் மொம்பாசா போகிறவர். புத்தகங்களை மாற்றிக்கொண்டோம். போன உயிர் வந்தது. முன்பின் தெரியாத அந்த மனிதரை நடுத்தெருவில் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பெட்டி மறுபடி பட்டறைக்குப் போனது. அப்புறம் அசையவில்லை. செவ்வாய்க்கிழமைதான் ரயில் ஏறினேன், மாநாட்டில் கட்டுரை படித்தேன், கைதட்டினார்கள். காட்டில் யானைக் கூட்டம் ஒன்று பாதையைக் கடந்து முடியும்வரை, ஜீப்பில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் கைவிட்டுப் போக இருந்ததே என்று நினைத்தபோது, சொன்னால் வெட்கம், அழுதுவிட்டேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் புத்தகம் மாற்றிய அன்று எதிர்க்கடையில் காபி குடித்தோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போகிறது. பைத்தியக்காரன் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று, பெட்டி விஷயமாக அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பாதிக் காபி குடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க பெட்டி எத்தனை தடவ சார் திரும்பி வந்துது?"